தழும்பை அளக்காத மாப்ளே

எட்டு சென்டிமீட்டர்தானா? நல்லாப் பாத்தியா, எட்டா பதினெட்டா? எட்டுதானா. சரி, உக்காரு மாப்ளே. அந்த வழவழப்புத் தாளை இப்படிக் குடு, கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் படிக்கிறேன். ‘இன்று ஆபரேஷன், இன்றே நடை, நாளை வீடு.’ ஆகா, எழுதுனவன் பொழைச்சுக்குவான். கீழ படத்துல ஒரு அம்மா கடற்கரையில ஓடுறாக. என் தங்கச்சி, அதான் ஒங்கம்மா, இடுப்பு நல்லா இருந்த காலத்துலயே ஓடுனவ கெடையாது. பஸ்ஸுதான் அவளுக்காக நிக்கும். ஆபரேஷன் முடிஞ்ச கையோட கடற்கரையில ஓடப் போறாளாக்கும். திண்டுக்கல்லுலருந்து கடலு எம்புட்டுத் தூரம்னு அந்த ஆஸ்பத்திரிக்காரகளுக்கு யாராச்சும் சொன்னாத் தேவலை.

கோவிச்சுக்காத. தாயி சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நடக்குறதைப் பாத்து ரெண்டு ஆஸ்பத்திரி ஏறி எறங்கிட்டு வந்திருக்க. அந்த அக்கறை நல்ல அக்கறைதான். ஆனா விசாரிச்ச லட்சணத்தைப் பாரு. இடுப்பு மூட்டை மாத்த ஒருத்தரு 16 சென்டிமீட்டர் வெட்டுவேன்னாரு, இன்னொருத்தரு 8-ன்னாரு. 8-காரருதான் கெட்டிக்காரருன்னு நீ முடிவே பண்ணிட்ட. சின்னாளபட்டிக்காரன் நீ. சேலையில அரை முழம் கொறைஞ்சா வெலையைக் கொறைன்னு கடைக்காரனோட மல்லுக்கட்டுவ. இங்க நீளம் கொறைஞ்சதுக்குக் கூடக் காசு குடுக்குறேன்னு நீயே போயி நிக்கிற!

நானும் மூட்டு மாத்துனவன்தான், பழைய முறைக்காரன். பின்பக்கமாக் கிழிச்சு, ஒரு சாணுக்கு நெருக்கித் தச்சது. நம்ம சுருட்டு அண்ணாச்சி இருக்காருல்ல, அவரு புது முறைக்காரரு. ரெண்டு பேருக்கும் ஒரே வருஷம்தான் நடந்துச்சு. பேகம்பூர் டீக்கடையில ஒருநா யாரு தையல் பெருசுன்னு பேச்சு முத்தி, பக்கத்துக் கடை டெய்லரு இஞ்ச் டேப்போட வந்துட்டாரு. கடைக்குப் பின்னால போயி வேட்டியை ஒதுக்கி அளந்தா எனக்கு எட்டரை இஞ்சு, அண்ணாச்சிக்கு மூணே கால். கடையில இருந்த அம்புட்டுப் பேரும் அவருக்குத்தான் கைதட்டுனாக. டீக்காசை மட்டும் என்கிட்ட வாங்குனாக.

நெசத்தைச் சொல்லணும்ல. மொத ரெண்டு வாரம் அண்ணாச்சிதான் முன்னால போனாரு. நான் வாக்கரைத் தூக்கி வச்சுத் தூக்கி வச்சுத் திண்ணைக்கு வர்றதுக்குள்ள, அவரு கைத்தடியைச் சுழட்டிக்கிட்டு வந்து ‘என்ன தம்பி, இன்னமும் வாக்கரா’ன்னு நலம் விசாரிப்பாரு. வினை அங்கதான் இருந்துச்சு. கோடு சின்னதா இருக்கவும், உள்ள நடந்ததும் சின்ன வேலைதான்னு அவருக்கு நெனப்பு. ஸ்டூல்ல உக்காந்திருந்தவரு, கீழ விழுந்த தீப்பெட்டியை எடுக்க மடார்னு குனிஞ்சாரு, முழங்காலை உள்பக்கமாத் திருப்பிக்கிட்டு. டொக்குன்னு ஒரு சத்தம். புதுப் பந்து கிண்ணத்தை விட்டு வெளிய வந்துருச்சு. கால் குட்டையாயி, பாதம் உள்ள திரும்பிக்கிட்டு, ஆளு போட்ட சத்தத்துல தெருநாய்கூட ஓடிருச்சு. ஆம்புலன்ஸு, மறுபடி மயக்க மருந்து, இழுத்து உள்ள சேத்து, மறுபடி மொதல்லருந்து வாக்கரு. சுருட்டுப் பத்த வைக்க வேற தீப்பெட்டி வீட்டுல இல்லையான்னு அண்ணிதான் இன்னமும் கேட்டுக்கிட்டு இருக்காக.

இப்ப காலையில மலைக்கோட்டைப் பக்கம் ரெண்டு பேரும் சேந்துதான் நடக்குறோம். வேட்டிக்குள்ள எவனுக்கு எம்புட்டுக் கோடுன்னு எதிர்ல வர்றவனுக்குத் தெரியவா போகுது?

உள்ள என்ன பண்றாகன்னு சொல்றேன், பயந்துறாத. தொடை எலும்போட தலை ஒரு பந்து. இடுப்பெலும்புல இருக்குற குழி ஒரு கிண்ணம். நடுவுல வழவழன்னு இருந்த குருத்தெலும்பு தேஞ்சு போயி, எலும்பும் எலும்பும் ஒரசுது. அதான் ஒங்கம்மா ராத்திரி பெரண்டு படுக்க முடியாம முழிச்சுக் கெடக்கா. டாக்டரு அந்தப் பந்தை வெளிய எடுத்து, கழுத்தோட ரம்பத்தால அறுத்துப் போடுவாரு. குழியைக் குடைஞ்சு சுத்தம் பண்ணி, புதுக் கிண்ணத்தைச் சுத்தியலால அடிச்சு எறக்குவாரு. தொடை எலும்புக்குள்ள வழி பண்ணி ஒரு உலோகத் தண்டையும் அதேபோல அடிச்சு எறக்கி, அது உச்சியில புதுப் பந்தை மாட்டிக் கிண்ணத்துல சேத்துருவாரு. 16-லயும் இதேதான், 8-லயும் இதேதான். ரம்பமும் அதேதான். பித்தப்பைக்குக் கேமராவை விட்டு மூணு நாலு ஓட்டையில முடிக்கிறாகளே, அது வேற சங்கதி. இங்க உள்ள போற கிண்ணத்துக்கே குறுக்களவு கிட்டத்தட்ட 5 சென்டிமீட்டர் இருக்கும். அது நுழையணும்ல? பெறகு கோடு எம்புட்டுதான் சின்னதாகும்?

இன்னொண்ணு. தோலு நீளவாக்குலயா ஆறுது? இந்த ஓரமும் அந்த ஓரமும் குறுக்கத்தான் ஒட்டுது. எட்டும் பதினாறும் ஒட்டுறதுக்கு ஒரே கெடுதான். தையலு பிரிக்கிற அன்னைக்கு ஒங்கம்மாவுக்குக் கூட நாலு முறை சுருக்குன்னு இருக்கும், அதுதான் வித்தியாசம்.

நீ கேட்டுட்டு வந்திருக்க வேண்டியது எந்த வழியாப் போறீகன்னு. நீளத்தை இல்லை. இடுப்புக்குப் பின்வழி உண்டு, பக்கவழி உண்டு, முன்வழி உண்டு. பின்வழியில போனா, காலை வெளிப்பக்கம் திருப்புற சின்னத் தசைகளை வெட்டி, வேலை முடிஞ்சதும் திரும்பத் தச்சு விடுவாக. அந்தத் தையலு பிடிக்கிற வரைக்கும்தான் குனியாத, காலு மேல காலைப் போடாதங்கிற கட்டளையெல்லாம். பக்கவழியில இடுப்பைத் தாங்குற தசையில கொஞ்சத்தைப் பிரிக்கிறாக. அது சரியா ஒட்டலைன்னா சாஞ்சு சாஞ்சு நடக்க வரும். முன்வழியில தசைக்கும் தசைக்கும் நடுவுல இருக்குற சந்துல விலக்கிக்கிட்டுப் போறாக, வெட்டுறது கொறைச்சல். ஆனா அங்க தொடைக்குப் போற ஒரு தோல் நரம்பு குறுக்க கெடக்கு. அதுல இழுவை பட்டா தொடையில ஒரு பக்கம் மரத்துப் போகும், நெறைய பேருக்கு நாளாவட்டத்துல சரியாகும், சில பேருக்கு அப்படியே நிக்கும்.

அந்தத் தாளுல முன்வழியை ‘அதிநவீன’ன்னு போட்டிருக்காக பாரு. 1880-கள்லயே ஜெர்மனிக்காரரு ஹூட்டர் அதை எழுதி வச்சிட்டாரு. 1917-ல அமெரிக்காவுல ஸ்மித்-பீட்டர்சன் எழுதுனாரு. 1947-ல பாரீஸுல ஜூடே அதே வழியில மூட்டே வச்சாரு. எங்க தாத்தன் பொறக்குறதுக்கு முந்தின நவீனம்! புதுசு எதுன்னா, அதுக்குன்னு செஞ்ச மேசையும், வளைஞ்ச ஆயுதங்களும், இந்தத் தாளும்தான்.

‘மாமா, படிச்சவுக சும்மாவா சொல்லுவாக’ங்கிற. படிச்சவுகதான் அளந்தும் பாத்திருக்காக. வட அயர்லாந்துல பெல்ஃபாஸ்ட்டுல 219 பேரை எடுத்துக்கிட்டாக. பாதிப் பேருக்கு 10 சென்டிமீட்டருக்கு மேல போகாத கோடு, மீதிப் பேருக்கு 16. ரெண்டும் பின்வழிதான். யாருக்கு எதுங்கிறதைக் குலுக்கல்ல விட்டாக, யாருக்கு எந்தக் கோடுன்னு ஆளுகளுக்குச் சொல்லலை. 2005-ல கணக்கை வெளிய விட்டாக. வலியில வித்தியாசமில்லை, ரத்தம் போனதுல வித்தியாசமில்லை, எந்திரிச்சு நடந்ததுல இல்லை, வீட்டுக்குப் போன நாளுல இல்லை. சொல்லாம விட்டா ஒடம்புக்கே வித்தியாசம் தெரியலை மாப்ளே. நம்மகிட்டச் சொல்லிட்டுல்ல செய்றாக!

இதைவிட ஒரு கூத்து சிகாகோவுல. 2000-க்குப் பெறகு ரிச்சர்ட் பெர்கர்னு ஒரு டாக்டரு, முன்னால ஒரு சின்னக் கோடு, பின்னால ஒரு சின்னக் கோடுன்னு போட்டு, ஆபரேஷன் அன்னைக்கே ஆளை நடக்க வச்சு வீட்டுக்கு அனுப்பிக் காட்டுனாரு. ஒலகமே வாயைப் பொளந்துச்சு. பெறகு மேயோ கிளினிக்குல அந்த ரெண்டு கோட்டு முறையையும், பின்னால ஒரே ஒரு சின்னக் கோட்டையும் குலுக்கிப் போட்டுப் பாத்தாக. ரெண்டு கோட்டுக்காரகதான் பைய தேறுனாக. அதே மேயோவுல முன்வழியையும் சின்னப் பின்வழியையும் மோத விட்டுப் பாத்தப்ப, முன்வழிக்காரக சில நாள் முந்தி வாக்கரை ஓரமா வச்சாக. ரெண்டு மாசத்துல ரெண்டு கூட்டமும் ஒரே வரிசையில வந்து நின்னுருச்சு. ஆக, சின்ன முறையில லாபமே இல்லைன்னு நான் சொல்லலை. சில நாள் லாபம் இருக்கு. ஒங்கம்மா என்ன அடுத்த வாரம் வேலைக்குச் சேரணுமா? சீரியலு பாக்கப் போறா. அதை வாக்கரோடயே பாக்கலாம்.

அப்ப அந்த அன்னைக்கே நடந்தவுக எப்படி நடந்தாகன்னு கேளு. அதுலதான் சங்கதியே இருக்கு. மெலிஞ்ச ஒடம்பு, நடந்து பழகுன காலு, மன தைரியம் இருக்குறவுகளாப் பாத்து எடுத்தாக. முன்கூட்டியே கூப்பிட்டு வாக்கரு எப்படிப் பிடிக்கிறதுன்னு சொல்லிக் குடுத்தாக. வலி வர்றதுக்கு முந்தியே வலிக்கு மருந்து. கெறக்கம் வராத மயக்க மருந்து. அன்னைக்கு சாயங்காலமே எந்திரிக்க வச்சது. டென்மார்க்குல ஹென்ரிக் கெலெட்னு ஒரு டாக்டரு 1990-கள்லயே குடல் ஆபரேஷனுக்கு இதையெல்லாம் ஒண்ணு சேத்து, வாரக்கணக்குப் படுக்கையை நாள்கணக்காக்கிக் காட்டுனவரு. அதை இடுப்புக்கும் முழங்காலுக்கும் கொண்டுவந்தாக. இன்னைக்கு நல்ல ஆஸ்பத்திரியில பெரிய கோட்டுக்காரனையும் அன்னைக்கோ மறுநாளோ நிக்க வச்சுருவாக. பேரு வாங்குனது கோடு, பாடுபட்டது இதெல்லாம்.

சின்னாளபட்டிக்காரனுக்குச் சொல்ல வேண்டிய கதை ஒண்ணு இருக்கு, கேட்டுக்க. இந்த மூட்டையே இங்கிலாந்துல ரைட்டிங்டன் ஆஸ்பத்திரியில ஜான் சார்ன்லிங்கிற டாக்டருதான் சரிப்படுத்துனாரு. மொதல்ல கிண்ணத்தை டெஃப்லான்ல செஞ்சாரு, நம்ம தோசைக்கல்லுல பூசியிருக்கே, அதே சரக்கு. மூணு வருஷம் தாங்கலை, தேஞ்சு மாவாக் கொட்டி எலும்பையே அரிச்சிருச்சு. அந்தாளு அந்தத் தூளைத் தன் தொடையிலயே வச்சுச் சோதிச்சுப் பாத்தவரு, சும்மா ஆளில்லை. 1962-ல லங்காஷயர் நெசவு மில்லுகளுக்குத் தறியில ஓடுற பிளாஸ்டிக் பல்சக்கரம் விக்கிற ஒருத்தரு அங்க வந்தாரு. சார்ன்லி அந்தப் பிளாஸ்டிக்கைத் தொட்டுப் பாத்துட்டு வேணாம்னுட்டாரு. அவருகிட்ட வேலை பாத்த ஹாரி கிரேவன்னு ஒரு பட்டறைக்காரரு, டாக்டரு ஊருல இல்லாத நேரம் பாத்து அதை மெஷின்ல போட்டு ஓட்டுனாரு. வாரக்கணக்கா ஓட்டியும் தேய்மானம் துளிதான். அந்த வருஷம் நவம்பர்ல அதுல செஞ்ச கிண்ணம் மனுசன் இடுப்புக்குள்ள போச்சு. தறிச்சாமான்தான் மாப்ளே ஒங்கம்மா இடுப்புக்கு வரப்போகுது. தறியில குனிஞ்சு குனிஞ்சு தேஞ்ச இடுப்புக்குத் தறியே நஷ்டஈடு குடுக்குது.

என்னது, செராமிக் நல்லதா உலோகம் நல்லதான்னு வேற கேக்கணுமா? யானைத் தந்தம் இருக்கான்னு கேளேன். சிரிக்காத. 1960-லருந்து பர்மாவுல, மாண்டலேயில, டாக்டர் சான் பா தந்தத்துல பந்து செதுக்கி, இடுப்பு எலும்பு ஒடைஞ்ச 300 பேருக்கு மேல வச்சிருக்காரு. 1969-ல லண்டன் வரைக்கும் போயி அதைப் பேசிட்டு வந்தாரு. நம்ம ஊருக்காரக பர்மாவுக்கு வட்டிக்குக் குடுக்கப் போனாக, வீடு கட்டத் தேக்கு கொண்டுவந்தாக. இடுப்பைப் பத்தி ஒருத்தரும் விசாரிக்கலை.

வெளையாட்டை விடு. புதுசுங்கிற பேருக்கு மயங்குனா என்ன ஆகும்னு நம்ம நாட்டுக்கு ஒருக்கா பட்டாச்சு. உலோகப் பந்து, உலோகக் கிண்ணம், தேயவே தேயாதுன்னு ஏ.எஸ்.ஆர்-ன்னு ஒரு மூட்டு வந்துச்சு. ஜான்சன் அண்ட் ஜான்சனோட டெபியூ கம்பெனிச் சரக்கு. ஒரசி ஒரசி உலோகத் துணுக்கு ரத்தத்துல கலந்து, சுத்தி இருந்த சதையெல்லாம் கெட்டு, 2010 ஆகஸ்டுல ஒலகம் பூரா திருப்பி எடுத்துக்கிட்டாக. அதுக்குள்ள இந்தியாவுல மட்டும் 4,700 பேருக்குக் கிட்ட வச்சாச்சு. நஷ்டஈட்டுக்கு நம்மாளுக வருஷக்கணக்கா அலைஞ்சாக. அதனால எந்தச் சாமானை வைக்கிறாக, எத்தனை வருஷமாப் புழக்கத்துல இருக்குன்னு கேளு. ஆபரேஷன் முடிஞ்சதும் அதோட ஸ்டிக்கரை டிஸ்சார்ஜ் ஃபைல்ல ஒட்டிக் குடுப்பாக. அதைத் தொலைச்சிறாத. ரேஷன் கார்டை எங்க வச்சிருக்கியோ அங்க வை.

நல்லா வச்ச மூட்டு எம்புட்டு நாளு வரும்? ஆஸ்திரேலியாவுலயும் பின்லாந்துலயும் வச்ச மூட்டுக்கெல்லாம் கணக்கு எழுதி வைக்கிற வழக்கம் உண்டு. அதைக் கூட்டிப் பாத்து 2019-ல சொன்னாக, 25 வருஷம் கழிச்சும் நூத்துக்கு 58 மூட்டு ஓடிக்கிட்டு இருக்கும்னு. அந்த 25 வருஷத்தைத் தீர்மானிக்கிறது கிண்ணம் எந்தச் சாய்வுல உக்காந்திருக்குங்கிறதும், தண்டு எலும்புல எப்படிப் பிடிச்சிருக்குங்கிறதும். சின்னச் சந்துக்குள்ள எட்டிப் பாத்துக்கிட்டு டாக்டரு சாய்வைத் தப்பா வச்சிட்டா, வெளிய அழகான தழும்பு, உள்ள அடிக்கடி கழண்டுக்கிற மூட்டு. முன்வழி பழகுறதுக்கு மொத அம்பது, நூறு கேஸு ஆகும், அதுல சிக்கலு கூடுதல்னு டாக்டருகளே எழுதியிருக்காக. அந்த அம்பதுல ஒங்கம்மா எத்தனாவதுன்னு மருவாதையாக் கேட்டுரு. கோவிச்சுக்கிட்டாருன்னா எந்திரிச்சு வந்துரு.

பெறகு ஒங்கம்மா ஒடம்பையும் பாரு. என் தங்கச்சிதான், நானே சொல்லக் கூடாது. சிறுமலை வாழைப்பழமும் நெய்ச்சோறும் வளத்த ஒடம்பு. அவளுக்கு 8 சென்டிமீட்டர்ல எலும்பைத் தேடுறதுக்குள்ள டாக்டருக்கு மயக்கம் வந்துரும். கொழுப்பும் தசையும் கனத்தவுகளுக்குச் சின்னக் கோடு போட்டு, கொக்கியை வச்சுத் தோலை இழுத்துப் பிடிச்சா, தோலோரம் நைஞ்சு போயி ஆறுறதுக்கு இன்னும் நாளாகும். அதுக்கு நேராவே நாலு வெரல்கடை கூடுதலாக் கிழிச்சுட்டுப் போகட்டும். அவ என்ன வயித்தைக் காட்டிக்கிட்டு சினிமாவுல ஆடவா போறா?

இப்ப மெய்யான சோலிக்கு வருவோம். ஆபரேஷன் ரெண்டு மணி நேரத்துக்குள்ள முடிஞ்சு போகும். வீடுதான் மூணு மாசம். அந்தத் தாளுல கக்கூஸைப் பத்தி ஒரு வரி இருக்கா? இல்லையே! ஒங்க வீட்டுல கொல்லைப்புறம் ரெண்டு படி எறங்கி, குத்துக்கால் வச்சு உக்கார்ற கக்கூஸு. பின்வழி ஆபரேஷன்னா இடுப்பை 90 டிகிரிக்கு மேல மடக்காதம்பாக, குறைஞ்சது ஆறு வாரம். குத்துக்கால் வச்சா 90 எங்க நிக்கும்? முன்வழிக்காரகளுக்குக் கட்டுப்பாடு கொறைச்சல்தான், ஆனா அவுகளையும் எந்த டாக்டரும் மொத மாசமே தரையில குத்த வைக்கச் சொல்ல மாட்டாரு. வெஸ்டர்ன் வைக்கணும், அதுவும் உசரமா. சுவத்துல கைப்பிடிக் கம்பி வேணும். அதுவரைக்கும் கம்மோடு சேர் வாடகைக்குக் கெடைக்கும்.

அரிவாள்மனையைத் தூக்கிப் பரண்ல போடு. அவ கீழ உக்காந்து வெங்காயம் அரியாம ஒரு நாளும் இருந்ததில்லை. நீ கத்தி வாங்கிக் குடுத்தா மொனங்குவா, மொனங்கட்டும். பாய் கூடாது, கட்டிலு வேணும், முழங்காலுக்கு மேல உசரத்துல. காலுக்கு நடுவுல தலகாணி. கோலம் ஒன் பொண்டாட்டி போடட்டும், அது கோணலா இருக்குன்னு மாமியா வாக்கர்ல நின்னுக்கிட்டே சொல்லுவா, அதுவும் ஒரு பிசியோதான். கைத்தடிக்கு மாறுனா ஆபரேஷன் பண்ணாத பக்கத்துக் கையில பிடிக்கணும். நெறைய பேரு நோவுற பக்கமே பிடிக்கிறாக. படியில ஏறையில நல்ல காலு மொதல்ல, எறங்கையில ஆபரேஷன் காலு மொதல்ல. ஷேர் ஆட்டோவுல குறுக்கி மடக்கி ஏத்திறாத. மொத மாசம் எங்கயும் போக வேணாம், அபிராமி அம்மன் கோயிலுக்குக்கூட. அம்மன் எங்கயும் ஓடிறாது.

பாதத்தை மேலயும் கீழயும் ஆட்டச் சொல்லிக் குடுப்பாக. சிறு வேலைன்னு விட்டுறாத, காலுல ரத்தம் உறையாம இருக்கத்தான் அது. உறையாம இருக்க ஊசியோ மாத்திரையோ ஒரு மாசத்துக்குக் கிட்ட எழுதிக் குடுப்பாக. வலி நின்னுருச்சுன்னு அதையும் சேத்து நிறுத்துற ஆளு நம்ம வீட்டுல உண்டு, பேரு சொல்ல மாட்டேன். கெண்டைக்கால் ஒண்ணு மட்டும் வீங்கி நோவெடுத்தாலோ, திடீர்னு மூச்சு வாங்குனாலோ, தையல்ல நீர் கசிஞ்சு காய்ச்சல் வந்தாலோ, காலு குட்டையாயி ஊன முடியாமப் போனாலோ, ஜோசியரைக் கேக்காம நேரா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ. சுகரை ஆபரேஷனுக்கு முந்தியே கட்டுக்குள்ள கொண்டாரணும், சொத்தைப் பல்லு இருந்தா பிடுங்கிறணும். ஒடம்புல எங்கயோ இருக்குற சீழ் புது மூட்டுல போயி குடியேறிக்கும்.

எல்லாத்தையும்விடப் பெரிய ஆபத்து, பாக்க வர்றவுக. ஆப்பிளும் ஹார்லிக்ஸும் தூக்கிக்கிட்டு வருவாக. வந்து கட்டில்ல, அதுவும் ஆபரேஷன் காலுப் பக்கமாப் பாத்து உக்காருவாக. ஒத்தன் ‘எங்க சித்திக்கு நாலே நாளுல நடை’ம்பான், ஒருத்தி ‘இனி கீழ உக்காரவே முடியாதாமே’ன்னு கண்ணைத் தொடைப்பா. பெரிய மாமன் சும்மா இருக்க மாட்டாரு, நல்ல கை ஒண்ணு இருக்கு, எண்ணெய் போட்டு நீவி விட்டா சரியாப் போகும்பாரு. நீவுறவரைத் தெருமுனையிலயே டீ வாங்கிக் குடுத்துத் திருப்பி அனுப்பிறு. தச்ச தசை மேல கையை வைக்க விட்டுறாத. எவனோ ஒருத்தன் சீரக சம்பா பிரியாணிப் பொட்டலத்தோட வருவான். வலி மாத்திரை வயித்தைக் கட்டிப் போட்டிருக்க நேரத்துல அதைக் குடுத்துட்டு, பெறகு உசரமான கம்மோடு சேர்ல அவ படுற பாட்டை யாரு பாக்குறது? கீரையும் தண்ணியும் குடு, பிரியாணியை நீ சாப்பிடு.

காசு விசயம். குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000-க்குள்ளன்னா முதலமைச்சர் காப்பீட்டு அட்டை உண்டு, வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும். 2009-ல கலைஞர் பேருல வந்து, 2012-ல பேரு மாறுனது. அட்டையை வச்சுக்கிட்டு இந்த மூட்டு அதுல எங்க செய்வாகன்னு ஒரு நடை போயி விசாரி. நம்ம ஊருலயே மருத்துவக் கல்லூரி தெறந்து வச்சாச்சு, 2022 ஜனவரி 12-ல, மதுரைக்கு ஓடுறதுக்கு முந்தி அங்க ஒரு எட்டு பாரு. வீட்டுக்கு வந்த பெறகு, 2021-லருந்து மக்களைத் தேடி மருத்துவத்துல பிசியோ பண்றவுக வீடு தேடி வர்றாக. ஆரம்ப சுகாதார நிலையத்துல எழுதிக் குடு. ஒங்க வழவழப்புத் தாளுல பிசியோவுக்கு நாளைக்கு இம்புட்டுன்னு தனி வெலை போட்டிருக்கு, கடைசிப் பக்கத்துல, சின்ன எழுத்துல. அதைப் படிக்கத்தான் நான் கண்ணாடி கேட்டேன்.

பழனிக்கு எப்ப நடப்பான்னு கேக்குறியா? தைப்பூசத்துக்குத் திண்டுக்கல்லு வழியாப் போற கூட்டத்தைப் பாத்தா அவளுக்குக் காலு நிக்காதுன்னு எனக்குத் தெரியாதா? இந்த வருஷம் ரோட்டோரம் சேரைப் போட்டு உக்காந்து நீர்மோர் குடுக்கட்டும். அடுத்த வருஷம் டாக்டரு தலையாட்டுனா ஒட்டன்சத்திரத்துலருந்து பைய நடக்கட்டும். மலைக்கு ரோப் கார் இருக்கு, முருகனுக்குப் படிக்கணக்குக் காட்ட வேண்டியதில்லை.

அதனால டாக்டருகிட்டத் திரும்பிப் போ. வருஷத்துக்கு எத்தனை இடுப்பு பண்றீக, எந்த வழி ஒங்களுக்குக் கைப்பழக்கம், என்ன சாமான், கழண்டுக்கிட்டா யாரு பாப்பீக, மொத நாளே நிக்க வைப்பீகளா, வீட்டுல என்னென்ன மாத்தணும். இதுக்கெல்லாம் நின்னு பதிலு சொல்றவரு 8 வெட்டுனாலும் 16 வெட்டுனாலும் சரின்னு கையெழுத்துப் போடு.

ஆனா தேதி மட்டும் இப்ப வாங்கிறாத. மொதல்ல கொத்தனாரைப் பிடி. கக்கூஸை ஒரு வாரத்துல முடிக்கிறேன்பாரு. அட்வான்ஸை வாங்கிட்டு, மச்சினன் கல்யாணம்னு வேடசந்தூர் போயிருவாரு. திரும்பி வந்து பீங்கானைப் பதிச்சுத் தண்ணி ஊத்திக் காட்டுன பெறகு டாக்டருக்குப் போன் போடு.